அவையள் ஒண்டா இருந்து கதைக்கட்டும்

(கிளிநொச்சியில் நடைபெற்ற எமது மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அன்பான அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால நிற்கிற தம்பிமாரே,

இண்டைக்கு முன்னாள் பெண் போராளிகளைப் பற்றித்தான் கதைக்கப் போறன். நவம்பர் மாதம் மட்டும் எங்கட மேடைகளுக்கு ஞாபகம் வாற பிள்ளைகள்.

2009 மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அதில 2,000க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். விரும்பி இயக்கத்துக்குப் போனவையும் இருந்தினம். கடைசிக் காலத்தில கட்டாயமாப் பிடிச்சுக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளும் இருந்தினம். அதை மறைச்சுக் கதைக்க நான் வரேல்ல. முகாமில தையல் பழக்கினவை, அழகுக்கலை பழக்கினவை, சான்றிதழும் குடுத்தவை. இரவில திடுக்கிட்டு எழும்புற நெஞ்சுக்கு அந்தச் சான்றிதழ் என்ன செய்யும்?

சரி, அரசாங்கத்தை விடுவம். வீட்டுக்கு வந்தவையை நாங்கள் எப்படி வரவேற்றனாங்கள்? "முகாமில என்ன நடந்ததோ" எண்டு வேலியோரம் நிண்டு கதைச்சது ஆர்? கலியாணப் பேச்சைக் குழப்பினது ஆர்? நாங்கள்தான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊரில பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கினம். மாதத்தில ஒரு ஞாயிறு. சீட்டுக்காசு எண்ணப் பத்து நிமிசம், மிச்சமெல்லாம் கதைதான். ஒரு அக்காவுக்கு முதுகில இன்னும் செல் துண்டு இருக்குது. மாரி வந்தால் படுக்கேலாது. ஆனா அவவுக்கு அதைவிடப் பெரிய நோ வேறை. முள்ளிவாய்க்காலில காயப்பட்டுக் கிடந்த சிநேகிதியை விட்டிட்டு வந்தவ. புருசனுக்கும் சொல்லாத அந்தக் கதையை அங்கதான் முதல்தரம் சொன்னவ. ஒருத்தரும் ஆறுதல் சொல்லேல்லையாம். "நானும் அப்பிடித்தான் வந்தனான்" எண்டு பக்கத்தில இருந்தவ சொன்னாவாம். அவ்வளவுதான். அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டனான் எண்டு என்னட்டச் சொன்னா.

பிறகு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் சோடி சோடியாப் போகத் தொடங்கிச்சினம். தனியப் போனால் ஊர் விசர் எண்டு சொல்லும்தானே.

இப்ப பிரச்சினைக்கு வாறன். பெண்கள் பத்துப் பேர் ஒரு வீட்டில கூடினால் "ஏன் கூடினனீங்கள், ஆர் காசு தாறது" எண்டு விசாரிக்க ஆக்கள் வருகினம். போன மாதம் இரண்டு பேர் பயத்தில வரேல்ல. அதில ஒருத்தி கிளினிக்குக்கும் போகேல்ல.

எங்கட கோரிக்கை இதுதான்: புனர்வாழ்வு முடிச்சவையை வீடு தேடிப்போய் விசாரிக்கிறதை நிப்பாட்ட வேணும். பிரதேச ஆஸ்பத்திரிகளில தமிழ் கதைக்கிற பெண் உளவள ஆலோசகர் இருக்க வேணும். சபையில எங்கட உறுப்பினர்கள் இதைக் கேக்க வேணும், நாங்கள் அவையைக் கேப்பம்.

அடுத்த சீட்டு நாளுக்கு ஒரு சட்டத்தரணியும் மகளிர் அணியில இரண்டு பேரும் அந்த வீட்டு முற்றத்தில இருக்கப் போறம். உள்ளுக்குப் போய் அவையின்ர கதையைக் கேக்க இல்லை, படம் எடுக்கவும் இல்லை. ஆராவது விசாரிக்க வந்தால் முதல் எங்களோட கதைக்கட்டும். வர விருப்பமானவை, கூட்டம் முடிய வாசலில இருக்கிற கொப்பியில பேரை எழுதிவிட்டுப் போங்கோ.