காலியான கதிரையும் தள்ளிப்போகும் திகதியும்



காங்கேசன்துறையை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதிய குடியரசு யாப்பை எதிர்த்துத் தந்தை செல்வா 1972 ஒக்ரோபரில் பாராளுமன்றப் பதவியைத் துறந்தார். மக்களின் தீர்ப்பைக் கேட்பதற்காகவே விலகினார். ஆனால் இடைத்தேர்தல் நடந்தது 1975 பெப்ரவரியில்! நாட்டில் அவசரகாலச் சட்டம். தள்ளிப்போட அரசுக்கு அது நல்ல வசதி. இரண்டு வருடமும் நாலு மாதமும் அந்தத் தொகுதிக்குப் பிரதிநிதி இல்லை. கடைசியில் நடந்தபோது 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் செல்வா வென்றார். இப்போது அங்கே விகிதாசார முறை. வெற்றிடம் வந்தால் பட்டியலில் அடுத்தவர் வந்து அமர்ந்துவிடுவார்.

கனடாவில் அப்படி இழுக்க முடியாது என்று நினைப்போம். கொஞ்சம் இழுக்கலாம். வெற்றிடம் பற்றிய அறிவித்தல் தேர்தல் தலைமை அதிகாரிக்குக் கிடைத்து 11 நாட்களுக்குப் பின், 180 நாட்களுக்குள் இடைத்தேர்தலை அறிவிக்கவேண்டும். அதன்பின் பிரசாரத்துக்கு 36 முதல் 50 நாட்கள். இந்த இடைவெளிக்குள் எந்தத் திங்கட்கிழமை என்பது பிரதமர் கையில்.

நம் மொன்றியலிலேயே பாருங்கள். 2017 தொடக்கத்தில் ஸ்டெபான் டியோன் விலகிய சென் லோறன், லிபரல் கட்சியின் கோட்டை. ஏப்ரல் 3ஆம் திகதியே வாக்களிப்பு முடிந்துவிட்டது. லசால்–எமார்ட்–வேர்டன் 2024 பெப்ரவரி தொடக்கத்தில் வெற்றிடமானது. அறிவிப்பு வந்தது ஜூலை 28. வாக்களிப்பு செப்ரெம்பர் 16. சட்டம் தந்த இரண்டு அவகாசத்தையும் ஏறக்குறைய முழுதாகப் பயன்படுத்தினார்கள். அப்படியும் 248 வாக்குகளால் புளொக் கெபெக்குவா கட்சியிடம் தோற்றார்கள். தாமதம் எப்போதும் கை கொடுப்பதில்லை.

திகதியை வைத்து இன்னொரு விளையாட்டும் உண்டு. 2014இல் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் தொகுதிக்கு இடைத்தேர்தல் வைத்தது ஜூன் 30. கனடா தினத்துக்கு முதல் நாள். நீண்ட விடுமுறையில் யார் வருவார்கள்? நூற்றுக்கு முப்பது பேர்கூட வாக்களிக்கவில்லை.

பியர்பொன்ட்ஸில் ஸ்பொன்சர், குடியுரிமை என்று எம்.பி. அலுவலகத்தைத் தேடிப் போகிறவர்கள் பலர். எம்.பி. இல்லாவிட்டாலும் அலுவலகம் திறந்திருக்கும், பணியாளர்கள் கோப்பைப் பார்ப்பார்கள். ஆனால் உங்களுக்காக ஒட்டாவாவில் எழுந்து நின்று அமைச்சரைக் கேட்க ஆள் இல்லை. ஏழரை மாதம் வேர்டன் மக்களுக்கு அதுதான் நிலைமை.

180 நாட்களை 60 ஆக்கினால் என்ன? அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைக் கேட்டுப் பாருங்கள்.