பட உதவி: இணையம்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவர் ஸ்டுடியோ நடத்தியவர். அவர் கடையிலிருந்து வெளியே போன படங்களின் பின்புறம் ஊதா மையில் ஒரு முத்திரை இருக்கும். இன்றைய படத்துக்குப் பின்புறமே கிடையாது. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறினால் எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கோயில் திருவிழா பிளக்ஸிலிருந்து ஆண்டு மலர் வரைக்கும் 'பட உதவி: இணையம்' என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிலர் இன்னும் மரியாதையாக 'நன்றி: கூகுள்' என்று போடுகிறார்கள். எடுத்தவர் கூகுள் இல்லை என்பது போட்டவருக்கும் தெரியும்.

எடுத்தவர் தட்டிக் கேட்டால், 'நீயாகத்தானே ஊரறியப் போட்டாய், அப்புறம் என்ன உரிமை?' என்று கேட்பவர்கள் நம் உறவுக்காரர்கள் மட்டுமில்லை. உலகத்தின் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்று இதே கேள்வியை நீதிமன்றத்தில் வாதமாகவே வைத்தது. அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2010 ஜனவரி 12 அன்று மாலை ஹெய்ட்டி நாட்டில் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் சரிந்து கிடக்கிறது. அந்த மண்ணிலேயே பிறந்து, பல ஆண்டுகள் செய்திப் படம் எடுத்த டேனியல் மோரெல் அன்று அங்கே இருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் வந்து சேர்வதற்கு முன்பே படமெடுத்து, அன்றே ட்விட்டரில் கணக்குத் தொடங்கி, ட்விட்பிக் என்ற தளத்தின் வழியாக 13 படங்களை ஏற்றினார். இடிபாட்டுக்குள் சிக்கி, முகமெல்லாம் புழுதி அப்பியிருக்க, நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணின் படம் அவற்றில் ஒன்று. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

சிறிது நேரத்துக்குள், பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஒருவர் அந்தப் படங்களைச் சுட்டுத் தன் கணக்கில் தன் படம்போலப் போட்டார். நான் முதலில் சொன்ன செய்தி நிறுவனமான ஏஎஃப்பி அவரிடமிருந்து படங்களை இறக்கி, அவர் பெயரையே போட்டு, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் வழியாக உலகமெங்கும் அனுப்பியது. எடுத்தவர் வேறு என்று தெரிந்ததும் பெயர்த் திருத்தம் போனது. ஆனால் பழைய பெயர் ஒட்டிய பிரதிகள் கெட்டியின் கிடங்கிலிருந்து அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தன.

மோரெல் தரப்பு நியாயம் கேட்டதும் ஏஎஃப்பி முந்திக்கொண்டு நியூயார்க்கில் வழக்குப் போட்டது. நாங்கள் உரிமையை மீறவில்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்பது கோரிக்கை. படத்தைப் பறிகொடுத்தவர் பிரதிவாதி ஆனார். ட்விட்டரின் விதிகள் மறுபகிர்வை ஊக்குவிக்கின்றன, ஆகவே அங்கே போட்ட படத்தை எடுத்தாள எங்களுக்கும் உரிமம் உண்டு என்று ஏஎஃப்பி வாதிட்டது. 2013 ஜனவரியில் நீதிபதி அலிசன் நேதன் அதை ஏற்கவில்லை. தளத்துக்குள் பகிர்வதற்கு இசைந்தவர், படத்தை இறக்கி விற்பதற்கும் இசைந்தவர் ஆகமாட்டார். அந்த நவம்பரில் ஜூரி, வேண்டுமென்றே செய்த மீறல் என்று முடிவு செய்து, 8 படங்களுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. படம் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம், அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு அது.

ஆக, போட்டதால் படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. ஆனால் போடும்போது எதையும் கொடுக்கவில்லை என்றும் நினைக்க வேண்டாம். 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தும்போது இன்ஸ்டாகிராம் போன்ற தளத்துக்கு உலகம் முழுவதற்கும், கட்டணமில்லாமல், பிறருக்குக் கைமாற்றவும் கூடிய உரிமம் எழுதிக் கொடுக்கிறோம். உரிமை நம்மிடம், பயன்பாடு அவர்களிடம். 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் தன் விதிகளைத் திருத்தியபோது, பயனர் படங்களைப் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தில் காட்டவும் வழி இருந்தது. ஊரே கொந்தளித்தது. சில நாளில் அந்த வாசகத்தைத் திரும்பப் பெற்றார்கள். விதிகளை யாராவது படித்தால் பலன் உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஷட்டரை அழுத்திய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் சாட்சிக்கு உதவும். 2012 திருத்தத்துக்கு முன்பு புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று தனிக்கணக்கு இருந்தது. இப்போது கதை, கவிதை, ஓவியம் போலவே எடுத்தவரின் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டுகளும். படத்தோடு கோப்பில் சேர்ந்து வரும் உரிமைத் தகவலைத் தெரிந்தே அழிப்பதும் அதே திருத்தத்தால் குற்றமானது, இரண்டு ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் தானாகவே அந்தத் தகவலை உதிர்த்துவிடுவதை இந்தப் பிரிவோடு எப்படிப் பொருத்துவது என்று வக்கீல்கள் சாவகாசமாகப் பேசட்டும். நீங்கள் அசல் கோப்பை, கேமரா தந்த பெயர் மாறாமல், பத்திரமாக வைத்திருங்கள். எடுத்தது நீங்கள்தான் என்று காட்ட அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது கடினம்.

இங்கே இருக்கும் திருமணப் புகைப்படக்காரர்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவரே. அதாவது முகூர்த்தப் படத்தின் பதிப்புரிமை கல்யாண வீட்டாருடையது. 'என் படத்தைத் திருடிவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போகும் புகைப்படக்காரர், தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த மணமகளின் படத்தைக் கேட்காமல் போட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவரும் கேள்விக்கு ஆளாகிறார். மேக்கப் போட்டவர், மேடை அலங்காரம் செய்தவர், மண்டபத்துக்காரர் என்று ஒரே படத்தை மூன்று பேர் தங்கள் விளம்பரத்துக்குப் போடுகிறார்கள். மூவரும் புகைப்படக்காரரிடம்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய இடம் அதுவல்ல.

எடுத்தவருக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 'இதை எடுத்தது நான்' என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு அவரிடமே விட்டுவைக்கிறது. கல்யாண வீட்டாருக்கு உரிமை போனாலும் அது போவதில்லை. என்னைக் கேட்டால், குடும்பப் படத்தின் உரிமை குடும்பத்திடம் இருப்பது சரியே. ஆனால் புகைப்படக்காரர் தன் வேலையைக் காட்டாமல் அடுத்த வேலை பிடிக்க முடியாது. அட்வான்ஸ் வாங்கும் ஆர்டர் ஃபாரத்திலேயே எந்தப் படங்களை, எந்தத் தளத்தில், யார் பெயரோடு போடலாம், குழந்தைகள் படம் போடலாமா என்று தமிழில் நாலு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும். அப்படி ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. அதில் குறை கண்டவர்கள் கேள்வி நேரத்தில் தாராளமாகக் கேட்கலாம்.