சத்திரசிகிச்சைக்கு முன் இருபது நிமிடம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஓய்வுபெற்ற தாதியரான பழைய மாணவிகள் மூவர் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. வார்ட்டில் பேசுவதுபோலத்தான் பேசுவோம்.

இந்த மண்டபத்துப் படியேறும்போதே கண்டோம், பலருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சிலருக்குச் சத்திரசிகிச்சைத் திகதியும் கிடைத்திருக்கும். கத்தியை விட, மயக்கம் தெளிந்தபின் வரும் நோவுக்குத்தான் பயப்படுகிறீர்கள்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றவிருந்த 118 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூச்சைக் கவனிக்கும் பயிற்சி, மற்றதற்கு நோவையே கவனிக்கும் பயிற்சி, மூன்றாவதற்கு நோவைப் பற்றிய விளக்கம். சத்திரசிகிச்சைக்கு முன் ஒரேயொரு தடவை, இருபது நிமிடம். மூச்சைக் கவனித்தவர்களுக்கு அந்த நேரத்திலேயே நோ இறங்கியது. நோவைக் கவனித்தவர்களுக்குப் பலன் பிந்தித் தெரிந்தது: சத்திரசிகிச்சை முடிந்து 28ஆம் நாள் மற்றவர்களை விட நன்றாக நடமாடினார்கள். அதனால் இரண்டையும் பழகுங்கள் என்போம்.

மூச்சுப் பயிற்சி இலேசானது. மூக்கு நுனியில் காற்று போவதையும் வருவதையும் கவனியுங்கள். மனம் சமையலறைக்கோ பிள்ளைகளிடமோ ஓடினால் திட்டாமல் கூட்டிவாருங்கள். இது எங்கள் நாட்டு விகாரைகளில் பழகும் ஆனாபானசதிக்கு நெருங்கிய உறவு. பழக நீங்கள் சமயம் மாறத் தேவையில்லை!

நோவைக் கவனிப்பது கொஞ்சம் கடினம். "ஐயோ, தாங்கேலாது" என்பதை ஒருபக்கம் வைத்துவிட்டு, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சூடா, இறுக்கமா, இழுப்பா? எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது? நோவாத இடம் பக்கத்தில் இருக்கிறதா? பார்க்கப் பார்க்க அது ஒரே பாறையாக இராது, கூடிக் குறைந்துகொண்டிருக்கும். இதை இப்போதே, முழங்கால் நோகும்போதே பழகுங்கள். வார்ட்டில் புதிதாகத் தொடங்குவது சிரமம்.

இனித்தான் நாங்கள் சொல்ல வந்த விஷயம். எங்கள் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை மிஸ்" என்பார்கள். நோவை மறைப்பவர் ஆழமாக மூச்செடுக்கமாட்டார், இருமமாட்டார். சளி தேங்கி நெஞ்சில் கிருமித்தொற்று வரலாம். எழுந்து நடக்காவிட்டால் காலில் இரத்தம் கட்டியாகலாம். இந்தப் பயிற்சி மருந்துக்குத் துணை மட்டுமே. மருந்து நேரத்தைத் தள்ளிப்போடவோ, தாதிக்கு நோவைச் சொல்லாமல் விடவோ இதைச் சாட்டாக்க வேண்டாம். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ கவனித்துக்கொண்டு கிடக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சத்திரசிகிச்சைக்கு முந்திய ஆலோசனை வகுப்பில் இப்படியான பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இங்கே திகதி கிடைத்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். கதிரைகள் போட்டிருக்கிறோம், சேர்ந்தே ஒரு தடவை செய்துபார்ப்போம்.