போர் இயந்திரத்தைத் தெரிவு செய்தல்



பாடசாலை அதிபர் ஒருவர் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கடல் கடந்து வாழும் என் மகனும் நானும் வாரந்தோறும் சந்திக்கும் இடம் 'மெக்வாரியர் ஒன்லைன்' என்னும் விளையாட்டுக் களமேயாகும். கனடா நாட்டு நிறுவனமொன்று 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டு அது.

மனிதர் உள்ளமர்ந்து செலுத்தும், கால்கொண்டு நடக்கும் பெரும் போர் இயந்திரங்களை இதில் 'மெக்' என்பர். பக்கத்துக்குப் பன்னிருவராகப் பொருதுவர். மிகச் சிறிய மெக் 20 தொன். மிகப் பெரியது 100 தொன். புதியவர் கண் பெரியதன்மேலேயே செல்லும். என் கண்ணும் அவ்வாறே சென்றது. சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்து 100 தொன் எடையுள்ள 'அட்லஸ்' ஒன்றை வாங்கினேன். அது ஆமைபோல் நகர்ந்தது. தோழர் யாவரும் குன்றுக்கு அப்பால் மறைந்தனர். விரைந்து வந்த சிறு மெக்குகள் இரண்டு என் முதுகைத் துளைத்தன. "அப்பா, ஏன் தனியே நிற்கிறீர்கள்?" என்று மகன் கேட்டான். அன்று இவ்விளையாட்டையே விட்டுவிட எண்ணினேன்.

ஆதலின் வாங்குமுன் இரவல் மெக்குகளில் ஏறிப் பழகுங்கள். அவற்றுக்குப் பணமில்லை, ஆனால் அவற்றின் அமைப்பை மாற்ற இயலாது. வேவு பார்த்து ஓடுவது உங்கள் இயல்பா, படையுடன் சேர்ந்து நிற்பதா என்பது சில போர்களிலேயே விளங்கிவிடும்.

நான் பின்னர் தெரிந்தது 50 தொன் எடையுள்ள 'ஹன்ச்பேக் 4பீ' ஆகும். அதன் நடுத்தர லேசர்கள் எட்டில் ஆறு, வலத் தோளிலுள்ள கூனலில் அமைந்தவை. லேசருக்குக் குண்டு வேண்டியதில்லை. ஆயினும் வெப்பம் உண்டு. எட்டையும் ஒருங்கே மீண்டும் மீண்டும் சுட்டால் வெப்பம் எல்லை கடந்து, மெக் எதிரியின் முன்னே அசைவற்று நின்றுவிடும். எனவே என் முதற் செலவு இரட்டை வெப்பத் தணிப்பான்களுக்கே சென்றது. எடை பழையதன் அளவே. தணிக்கும் ஆற்றல் அதிகம். பிடிக்கும் இடமோ மூன்று மடங்கு. லேசர்களை இரு தொகுதிகளாகப் பிரித்து, மாறி மாறிச் சுடுவதற்கும் பழகினேன்.

இங்கே ஓர் ஆசை குறுக்கிடும். 'எக்ஸ்எல்' எனப்படும் இலேசான எஞ்சின் சாதாரண எஞ்சினில் ஏறத்தாழப் பாதி எடையே உடையது. ஆனால் அதன் பகுதிகள் உடலின் இரு பக்கங்களிலும் பரந்திருப்பதால், இவ்வகை மெக்கில் ஒரு பக்கம் சிதைந்தாலே உயிர் போய்விடும். ஹன்ச்பேக்கின் கூனலைக் குறிவைத்துச் சுட வேண்டுமென்பது எதிரிகள் அனைவரும் அறிந்த பாடம். சாதாரண எஞ்சினையே வைத்துக்கொண்டு, சுட்டவுடன் உடலைத் திருப்பி இடப்பக்கத்தைக் காட்டுங்கள். அடியை அது தாங்கட்டும். முன்புறக் கவசத்தைக் குறைத்து ஆயுதம் ஏற்றும் பேராசையும் வேண்டாம்.

மாற்றியமைத்த மெக்கைப் பகைவரற்ற சோதனைக் களத்தில் நடத்தி, வெப்பமானியைக் கவனித்த பின்னரே போருக்குச் செல்லுங்கள். சென்ற வாரம் என் கூனலும் வலக்கையும் ஒருங்கே போயின. இடக்கையில் ஒரு லேசரும் தலையில் ஒரு சிறு லேசருமே எஞ்சின. மகனின் மெக்குக்குப் பின்னே ஒதுங்கி நின்று, போர் முடியுமட்டும் சுட்டுக்கொண்டிருந்தேன்.