மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் பலிக்குமா?



"எங்கள் பெரியப்பாவுக்கு அந்த மருந்து கேட்கவில்லை, எனக்கும் வேண்டாம்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஒருவருக்கு நடந்தது நிரூபணம் ஆகுமா?

16 நாடுகளில், 417 மருத்துவமனைகளில், மாரடைப்பு என்று சந்தேகித்துச் சேர்க்கப்பட்ட 17,187 பேரிடம் ஐசிஸ்-2 என்ற ஆய்வு நடந்தது. முடிவு 1988-ல் லான்செட் இதழில் வெளியாயிற்று. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஐந்து வாரங்களில் இதய, ரத்தநாளக் கோளாறுகளால் இறந்தவர்கள், போலி மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 11.8 பேர், ஆஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 பேர். அதாவது, சுமார் 42 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

அதே ஆய்வில் நோயாளிகளை ராசிப்படியும் பிரித்துப் பார்த்தார்கள். நம் ஜன்ம ராசி அல்ல. பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி. மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பயனில்லை என்று கணக்கு வந்தது! கூட்டத்தைக் கூறு போட்டுக்கொண்டே போனால் தற்செயலும் உண்மை போலத் தோன்றும் என்று எச்சரிக்கவே இதை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கணக்கே ஏமாற்றுமென்றால், பெரியப்பா ஒருவர் எம்மாத்திரம்?

ஆகவே, நெஞ்சில் அழுத்தம், கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை வந்தால், வாயு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 112-ஐ அழையுங்கள். ஒவ்வாமை, ரத்தக்கசிவு இருந்தால் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னால் ஆஸ்பிரினை மென்று விழுங்குங்கள். ராகு காலம் முடியட்டும் என்று உட்கார வேண்டாம்.