வறட்சியைத் தாங்கும் அன்னாசி



பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன. மங்கில் பால் குறைகின்றது. கைக்கு வரும் வருமானமும் குறைகின்றது. வீட்டுக்குப் பின்னுள்ள கீரைப் பாத்தியும் வெயிலில் காய்ந்து போகின்றது. அந்நாளிலும் எளிதில் வாடாத செடி ஒன்று உண்டு. அதுவே நாம் நன்கறிந்த அன்னாசி.

தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடி வறட்சியைத் தாங்குவது எவ்வாறு? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன. அப்போது அவற்றின் ஈரம் ஆவியாகிவிடுகின்றது. அன்னாசியோ பெரும்பாலும் இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்கின்றது. வாய்க்கால் போன்ற அதன் இலைகள் தூறலையும் பனியையும் அடிக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே அதற்கு நாள்தோறும் நீர் வேண்டுவதில்லை.

இதனை நான் பட்டறிந்தே கூறுகின்றேன். ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் பத்துக் கன்றுகளை நட்டு, காலையும் மாலையும் நீரூற்றினேன். ஒரு நாள் நடுக்குருத்தைத் தொட்டபோது அது கையோடு வந்துவிட்டது, அடி அழுகியிருந்தது. வெயிலால் அன்று, தேங்கிய நீராலேயே அவை மாண்டன.

எனவே, நல்ல வெயில் படும், நீர் வடியும் மேட்டு நிலத்தையே தேர்ந்தெடுங்கள். தோட்ட நிலமாயின் நிர்வாகத்தின் அனுமதி பெற்று நடுங்கள். பழத்தின் கொண்டையை எறிந்துவிடாதீர்கள். சதையை அகற்றி, அடியிலைகளை உரித்து, சில நாள் நிழலில் உலர்த்தி நடலாம். அது பழம் தர ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகும்; பக்கக்கன்று அதற்கு முன்பே பலன் தரும். கன்றுக்குக் கன்று 1 அடி இடைவெளி விடுங்கள். குருத்துக்குள் மண் விழலாகாது. செடியில் எறும்பு மொய்த்தால் மாவுப்பூச்சி உண்டா என அடியில் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பால் பெருக மரத்துக்குப் பூசும் மருந்திலுள்ள எத்திஃபோன், அன்னாசியைப் பூக்கச் செய்யவும் பயன்படுகின்றது. ஆயினும் மரத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதன் கலவை அளவு வேறு. குழந்தைகள் கைக்கு எட்டினால் பெருந்தீங்கு நேரும்.

அடுத்து, இலையிடுக்குகளில் தேங்கும் நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடக்கூடும். வாசலை ஒட்டி நடாமல் சற்று விலக்கி நடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் அந்நீரைப் பீய்ச்சி அலசி விடுங்கள்.

இன்று எறியவிருக்கும் கொண்டையை நட்டு வையுங்கள். பொறுத்திருந்தால், பால் குறையும் நாளிலும் உங்கள் பிள்ளைகளின் தட்டில் பழம் இருக்கக்கூடும்.