சின்னப் பிள்ளைகளோடு கடுங்குளிர் நாட்டுக்குக் கிளம்பும் முன்

(குடிமக்கள் சேவைகள் குறித்த இணையவழிச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயணம் என்றாலே நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் பாஸ்போர்ட், விசாவோடு முடிந்துவிடும். இன்னைக்கு அதையும் சொல்றேன், ஆனா அதுக்கு அப்புறம் வர்ற விஷயத்தைத்தான் அதிகம் பேசப் போறேன். கடந்த ஜனவரியில் என் அக்காவும் அவங்க ரெண்டு பிள்ளைகளும் கனடாவில் இருக்கும் மாமாகிட்ட போனாங்க. பையனுக்கு மூன்றரை வயசு, பொண்ணுக்கு ஒன்றரை. தனியா சமாளிக்க முடியாதுன்னு ஒரு மாசம் லீவு போட்டு நானும் கூடப் போனேன். போன ஊர் வின்னிபெக், மானிடோபா மாகாணத்தின் தலைநகர்.

எங்க அம்மா ரெண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டியில வாங்கின ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் எடுத்து வச்சாங்க. ஊட்டியில் உறைபனி விழும் ராத்திரியில்கூட வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். உங்க வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற ஃப்ரீசர் பொதுவா மைனஸ் 18 டிகிரி. வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 16 அளவில் இருக்கு. ராத்திரியில் மைனஸ் 20-க்குக் கீழே போறது அங்க செய்தியே இல்ல. அதாவது ஃப்ரீசருக்குள்ள போய்க் குடியிருக்கிற மாதிரி, அதுவும் காத்து வீசுற ஃப்ரீசர்.

முதல்ல காகித வேலைய முடிச்சிடுவோம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏற்பாங்க. அதில் குழந்தையின் பெயர் இருக்கணும். ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிவாகும்போது பெயர் இல்லாமத்தான் பல சான்றிதழ்கள் வருது. ஒரு வருஷத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமச் சேர்க்கலாம். அதுக்கு மேல தாமதக் கட்டணம், 15 வயசு வரைக்கும்தான் வாய்ப்பு.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரிச்சு எழுதணும். அப்பா பெயர் அவரோட பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கோ, குழந்தையின் ஆவணங்களிலும் அப்படியே இருக்கான்னு விண்ணப்பிக்கும் முன்னாடியே பாருங்க. ஒரு 'எச்' கூடிப்போச்சுன்னா அதைத் திருத்த நீங்கதான் அலையணும்.

குழந்தை பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேர் சம்மதமும் வேணும். அதுக்கான உறுதிமொழிப் படிவம் அனெக்சர் டி. எங்க விஷயத்தில் மாமா அங்க, அக்கா இங்க. அப்படி ஒருத்தர் வெளிநாட்டில் இருந்தா, அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கின பத்திரம் அனுப்பணும். இது தெரியாம எங்களுக்கு மூணு வாரம் போச்சு. பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'டாக்குமெண்ட் அட்வைசர்' என்று ஒரு பகுதி இருக்கு. உங்க சூழ்நிலையைச் சொன்னா என்னென்ன வேணும்னு பட்டியல் கொடுக்கும். நாலு வயசுக்குக் கீழுள்ள குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நீங்களே கொண்டுபோகணும். குழந்தையின் பாஸ்போர்ட் அஞ்சு வருஷம்தான் செல்லும். போனில் தேடும்போது கவனம்: அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும். அதே மாதிரித் தோற்றத்தில் போலித் தளங்கள் இருக்கு.

கனடா விசாவுக்கு 14 வயசுக்குக் கீழே கைரேகை எடுக்க மாட்டாங்க. பெற்றோரில் ஒருத்தர் மட்டும் குழந்தையோட போனா, மற்றவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். அப்பாகிட்டதானே போறோம், எதுக்குக் கடிதம்னு அக்கா கேட்டாங்க. எல்லையில் இருக்கிற அதிகாரிக்கு அது தெரியாது இல்லையா. பார்வையாளரா போறவங்களுக்கு அங்க அரசு மருத்துவத் திட்டம் பொருந்தாது. பயணக் காப்பீடு இல்லாம குழந்தையைக் கூட்டிட்டுப் போகாதீங்க. பத்திரங்களைக் காகிதத்திலும் எடுத்துக்குங்க. கடுங்குளிரில் போன் பேட்டரி சட்டுன்னு இறங்கும், 40 சதவீதம் காட்டிட்டே அணைஞ்சு போறதும் உண்டு. போனை வெளிக் கோட்டுப் பையில் வைக்காம உள்சட்டைப் பையில் வையுங்க.

இனி குளிருக்கு வர்றேன்.

போய்ச் சேர்ந்து நாலாவது நாள். வெளியில் மைனஸ் 25. கார் நிறுத்தின இடத்திலிருந்து கடை வாசலுக்கு ஒரு பத்து நிமிஷ நடை. பையனை ஸ்ட்ரோலரில் உட்கார வச்சு மேல போர்வை போட்டிருந்தோம். அவனுக்குக் கட்டைவிரல் சூப்புற பழக்கம். போர்வைக்குள்ள கையுறையைக் கழட்டிட்டு விரலைச் சூப்பியிருக்கான். அப்புறம் அந்த ஈர விரலோட கையை வெளியில் தொங்கப் போட்டிருக்கான். அழல. ஒண்ணும் சொல்லல. வழக்கத்தைவிட அமைதியா இருக்கானேன்னுதான் நினைச்சோம்.

கடைக்குள்ள போய்ப் பார்த்தா கட்டைவிரல் நுனி மெழுகு மாதிரி வெளிறியிருக்கு. தொட்டா கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கு. நம்ம பிள்ளைகள் நிறத்துக்குச் சிவப்பு எல்லாம் பளிச்சுன்னு தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு பூசின மாதிரி தெரிஞ்சா அதுதான் அறிகுறி. அக்கா பதறிப்போய் ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சுத் தேய்க்கப் போனாங்க. நம்ம எல்லாரும் அதைத்தான் செய்வோம். மாமா கையைப் பிடிச்சு நிறுத்தினார். உறைஞ்ச தோலைத் தேய்க்கவே கூடாது, உள்ளே இருக்கிற தசை சேதமாகும். சூடான தண்ணியிலும் காட்டக் கூடாது, மரத்துப்போன விரலுக்குச் சுடுறது தெரியாது. அவர் தன் சட்டைக்குள்ள பிள்ளையோட கையை விட்டு அக்குளில் வச்சுக்கிட்டார். கொஞ்ச நேரத்தில் பையன் வீல்னு அழ ஆரம்பிச்சான். ரத்தம் திரும்பும்போது அப்படித்தான் வலிக்குமாம். அன்னைக்கு அந்த அழுகையைக் கேட்டு நாங்க மூணு பேரும் சந்தோஷப்பட்டோம்.

நல்லவேளை, மேல்தோல் அளவிலேயே நின்னுடுச்சு. தோல் கெட்டியாவே இருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, உணர்ச்சி திரும்பலைன்னாலோ உடனே மருத்துவமனைதான். நமக்கு 108 மாதிரி அங்க அவசர எண் 911.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டது: மூணு வயசுப் பிள்ளை பசிக்குதுன்னு சொல்லும், உச்சா வருதுன்னு சொல்லும். விரல் மரத்துப் போச்சுன்னு சொல்லாது. மரத்தப்புறம் வலியே தெரியாதே, எதைச் சொல்லும்? அதனால வெளியில் இருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நம்மதான் பார்க்கணும். விரல், காது, மூக்கு நுனி, கன்னம். உடம்பு கதகதப்பா இருக்கான்னு தெரிஞ்சுக்க பிடரியில் கை வச்சுப் பாருங்க. துருதுருன்னு இருந்த பிள்ளை திடீர்னு அடங்கிப் போனா, சமர்த்தா இருக்குன்னு விட்டுடாதீங்க.

எப்ப வெளியில் கூட்டிட்டுப் போகலாம்? கனடா அரசின் வானிலைத் துறைக்கு 'வெதர்கேன்' என்று ஒரு செயலி இருக்கு. அதில் வெப்பநிலை ஒரு எண், 'விண்ட் சில்' இன்னொரு எண். காற்று வீசுவதால் தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதுதான் ரெண்டாவது எண். பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது அதைத்தான். வெப்பநிலையோ விண்ட் சில்லோ மைனஸ் 27 அல்லது அதுக்குக் கீழே போனா பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்றாங்க, அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கத்தினர். மைனஸ் 40-க்குக் கீழே போனா மூடாத தோல் அஞ்சு பத்து நிமிஷத்தில் உறைய ஆரம்பிச்சுடும்.

உடை விஷயத்தில் அம்மா கொடுத்த பருத்தி பனியன்தான் பெரிய தப்பு. பருத்தி வேர்வையை உறிஞ்சி ஈரமாவே ஒட்டிக்கிட்டு இருக்கும், வெளியில் போனா அந்த ஈரமே குளிரை உள்ளே கொண்டுவரும். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதுக்கு மேல ஃப்ளீஸ், வெளியே காற்றும் பனியும் புகாத ஸ்னோசூட். விரல் விரலா இருக்கிற கையுறை வேண்டாம், நாலு விரலும் ஒண்ணாச் சேர்ந்திருக்கும் 'மிட்டன்' வாங்குங்க, விரல்கள் ஒண்ணுக்கொண்ணு சூடு கொடுத்துக்கும். அதைச் சட்டைக்கையோட கிளிப் போட்டு மாட்டிடுங்க. மஃப்ளர், கழுத்தில் தொங்கும் கயிறு ரெண்டும் விளையாடும்போது சிக்கிக் கழுத்தை இறுக்கும். தலை வழியா மாட்டுற கழுத்துக் கவசம் போதும். ஷூ இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் குறையும், ரெண்டு சாக்ஸ் திணிச்சுப் போடாதீங்க.

இதையெல்லாம் சென்னையில் தேடி அலைய வேண்டாம். அங்க வாங்கினா நல்லதாவும் இருக்கும், பழைய துணிக் கடைகளில் விலையும் கம்மி. ஆனா விமான நிலையத்திலிருந்து கார் வரை போக ஒரு செட் வேணும் இல்லையா? அதைக் கைப்பையில் வையுங்க. நாங்க பெரிய பெட்டிக்குள்ள வச்சுட்டு, பெட்டி வர்ற வரைக்கும் வாசல் கதவையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

உடுத்துறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல பெரியவங்க தயாராகணும், பிள்ளைகளுக்குக் கடைசியில். மாத்திச் செஞ்சா நீங்க ஷூ லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள குழந்தை உள்ளே வேர்த்து நனைஞ்சிடும். அதுக்கும் முன்னாடி பாத்ரூம். எல்லாம் போட்டு முடிச்சு ஜிப்பை இழுத்ததும் "சித்தி, உச்சா" என்று ஒரு குரல் வரும். இருபது நிமிஷ உழைப்பு வீண்!

காரில் ஏறும்போது இதுக்கு நேர்மாறா செய்யணும், இதுதான் நம்மாளுங்களுக்குப் புரிய நேரமாகும். குழந்தை இருக்கை அங்க சட்டப்படி கட்டாயம். தடிமனான ஸ்னோசூட்டோட உட்கார வச்சு பெல்ட் மாட்டினா இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியும். மோதல் நடந்தா உள்ளே இருக்கிற பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளன்னு ஆகி, பிள்ளை வெளியே தூக்கி எறியப்படலாம். அதனால மேல் கோட்டைக் கழட்டி, பெல்ட்டை உடம்போட ஒட்டி மாட்டி, அதுக்கு மேல போர்வையோ கோட்டையோ போர்த்துங்க. தோள்பட்டைப் பக்கம் பெல்ட் துணியை ரெண்டு விரலால் கிள்ள முடிஞ்சா அது தளர்வு. இங்கிருந்து இருக்கை வாங்கிட்டுப் போறதும் பிரயோஜனம் இல்ல, கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதைத்தான் அங்க பயன்படுத்தணும். இன்னொண்ணு: காரை ஓடவிட்டு ஹீட்டரில் குழந்தையை விட்டுட்டு இறங்காதீங்க. புகைக்குழாயைப் பனி அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதுக்கு வாசனை கிடையாது.

வீட்டுக்குள்ள வேற கதை. ஹீட்டரால் இருபது, இருபத்திரண்டு டிகிரி இருக்கும். அங்கயும் ஸ்வெட்டர், குல்லாவோட தூங்க வைக்காதீங்க. காத்து ரொம்ப வறண்டு இருக்கும், பொண்ணுக்கு ரெண்டு நாள் மூக்கில் ரத்தம் வந்துச்சு. தண்ணி அடிக்கடி கொடுக்கணும், தோலுக்கு வாசலின் மாதிரி எதையாவது தடவணும். அம்மா கொடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாயிடுச்சு, ஸ்பூனால் நோண்டித்தான் எடுத்தோம்.

நேரம் நம்மைவிட பதினொன்றரை மணி நேரம் பின்னாடி. முதல் வாரம் நடுராத்திரி ரெண்டு பேரும் விளையாட ஆரம்பிச்சுடுவாங்க, எதுவும் செய்ய முடியாது. சூரியன் காலை எட்டு மணிக்கு மேலதான் வரும், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போயிடும். அதனால வெளியில் போறதை மதியத்தில் வச்சுக்குங்க. ஃபோர்க்ஸ் என்ற இடத்தில் குழந்தைகள் அருங்காட்சியகம் இருக்கு. நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கிற மூடின நடைபாதைகள் இருக்கு, பிள்ளைங்க ஓடி ஆட அதுவே போதும். கடும் குளிர் நாட்களில் நாங்க அங்கதான் இருந்தோம்.

பையன் இப்ப மழலையர் பள்ளிக்குப் போறான். வாசலில் ஆசிரியை பிள்ளைகள் ஒவ்வொருத்தர் கையையும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் விளையாட விடுறாங்களாம், அக்கா போனில் சொன்னாங்க. விரல் சூப்புறது மட்டும் இன்னும் நிக்கல.

என் பக்கம் அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கிறது பத்தி ரெண்டு பேர் கை தூக்கியிருக்கீங்க, அதிலிருந்து ஆரம்பிப்போம்.